ஏழு காலி

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் இரண்டு விஷயங்களைக் கேட்டுச் சிரிப்பார்கள். அங்கே 'படுத்துடுச்சு' என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்பது ஒன்று. கம்ப்யூட்டர் வேலை செய்யாவிட்டால் 'நின்னுடுச்சு' என்றுதான் சொல்ல வேண்டும். மற்றொன்று, கூரையை மூடுவதற்கு முன்னால் 'ஏழு காலி' என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏழாம் மேடையில் ஒன்றும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அதை ஏன் தினமும் சொல்ல வேண்டும் என்று கேட்டால், எங்கள் மேலாளர் குமரன் "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார்.

நான் அண்மையில் ஓய்வு பெற்றேன். கேக் வெட்டிய கையோடு அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இனிமே கூரை தானாவே மூடிக்கப் போவுது, சென்சார் வந்துடுச்சு. யாரும் எதுவும் சொல்ல வேணாம். அந்த ஏழு காலி என்னான்னு நீங்களாவது எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு விளையாட்டாக இல்லை.

முதலில் நாங்கள் பார்த்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். கடலூர் முதுநகரில் என் தெருக்காரர்களுக்குக் கடைசிவரை அது புரியவில்லை. டெலஸ்கோப் கம்பெனியில் வேலை என்றதும், சனிப்பெயர்ச்சி எப்போது என்று கேட்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில்கூட ஒரு அம்மா மகளுடைய ஜாதகத்தை நீட்டியிருக்கிறார். எனக்குச் சனிக் கிரகத்தை ஒழுங்காகக் காட்டக்கூடத் தெரியாது. எனக்குத் தெரிந்தது தூசி, ஈரம், காற்று, கேபிள், கூரை.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் ஒரு பாலைவன மலை. அதன்மேல் நீளமான ஒரு கொட்டகை. உள்ளே வரிசையாகக் கான்கிரீட் மேடைகள், ஒவ்வொரு மேடையிலும் ஒரு தொலைநோக்கி. அவை எங்களுடையவை அல்ல. உலகத்தின் பல ஊர்களில் இருக்கும் தனி மனிதர்களுடையவை. பல் மருத்துவர், ஓய்வுபெற்ற விமானி, கணக்குத் தணிக்கையாளர் என்று பலவிதமானவர்கள். அவர்கள் ஊர் வானத்தில் வெளிச்சமும் புகையும் ஜாஸ்தி. அதனால் தொலைநோக்கியை அந்த மலையில் வாடகைக்கு வைத்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே இன்டர்நெட் வழியாக அதைத் திருப்பிப் படம் எடுப்பார்கள். அங்கே இரவு என்றால் நமக்குப் பகல். அதனால் கூரையைத் திறப்பது, வானிலையைக் கவனிப்பது, சிக்கிக்கொண்ட கருவியை மீட்பது, விடியும் முன் கூரையை மூடுவது எல்லாம் கடலூரில் பகல் வேலையாக நடந்தது. சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கும்போது எங்கள் திரையில் நட்சத்திரம் நிறைந்திருக்கும்.

கூரையைப் பற்றித் தெரிந்தால்தான் மீதி புரியும். அது தண்டவாளத்தில் ஓடும் கூரை. மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்து வானத்தைத் திறந்துவிடும். திறந்த பிறகு தொலைநோக்கிகள் நிமிரும். நிமிர்ந்தால் சுவரைவிட உயரம். ஆகவே திரும்ப மூடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கிடையாகப் படுக்க வைக்க வேண்டும். ஒன்று நிமிர்ந்திருந்தாலும் கூரை வந்து அதை இடித்துத் தள்ளிவிடும். "ஒண்ணு படுத்துடுச்சு, ரெண்டு படுத்துடுச்சு" என்று வரிசையாகச் சொல்லி, எல்லாம் படுத்த பிறகு மூடுவோம். நம் பக்கத்தில் எந்த இயந்திரம் பழுதானாலும் இதே சொல்லைத்தான் சொல்வோம். நெட் படுத்துடுச்சு, மோட்டார் படுத்துடுச்சு. ஒரு சொல்லுக்கு இப்படி இரண்டு பொருள் இருப்பதை அத்தனை வருடமும் எங்களில் யாரும் யோசித்ததில்லை. யோசிக்கத் தேவையும் வரவில்லை, கேமராவில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மூடுவோம்.

அந்தக் கண்ணால் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் காதர் சார். பரங்கிப்பேட்டைக்காரர். வளைகுடா நாடு ஒன்றில் எண்ணெய் ஆலைக் கட்டுப்பாட்டு அறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கேபிள் டிவி அறையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவள். என்னை வேலைக்கு எடுத்தவர் அவர்தான். வேலைக்கு வேண்டியதைச் சில மாதங்களில் கற்றுக்கொண்டேன், அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவரிடம் வேலை செய்ததைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. யாராவது தவறு செய்துவிட்டால் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவார். "என்ன ஆச்சு" என்று கேட்க மாட்டார். "இப்ப கண்ணுக்கு என்னம்மா தெரியுது?" என்பார். நமக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும், நாம் நினைப்பதைச் சொல்லக் கூடாது. "ஒன்பது ஜாம் ஆயிடுச்சு சார்" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். "ஒன்பது நகரலை சார்" என்று சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் கேட்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். மதியத் தொழுகைக்கு எழுந்து போகும்போதும் இப்படித்தான். "ரோஸ்லின்மா, கூரை உங்க கையில" என்பார். "கூரை என் கையில சார்" என்று நான் சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டுவார். தலையாட்டினால் போதாது. ஆரம்பத்தில் எனக்கு இது நாடகம் மாதிரி இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகிய பிறகு அது இல்லாமல் கையே ஓடவில்லை.

எங்களுக்குச் சிதம்பரத்தில் இன்னொரு சின்ன அலுவலகமும் இருந்தது. கடலூருக்குப் புயலும் வெள்ளமும் புதிதல்ல. இங்கே மின்சாரமோ நெட்டோ போய்விட்டால் அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காக வைத்தது. அதில் உட்கார்ந்திருந்தவர்தான் குமரன். குறிஞ்சிப்பாடிப் பையன், இன்ஜினீயரிங் படித்தவர், வேலையில் சுறுசுறுப்பு. அப்போது அவருக்குக் கல்யாணமாகிப் புதிது.

ஏழாம் மேடைத் தொலைநோக்கியின் உரிமையாளரும் சிதம்பரத்துக்காரர்தான். எங்கள் வாடிக்கையாளர்களில் தமிழ் பேசிய ஒரே ஆள். பெயர் தணிகாசலம். ஒரு தனியார் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது மின்சாரம் தாக்கிக் கீழே விழுந்தார். முதுகெலும்பில் அடி. மார்புக்குக் கீழே எதுவும் அசையாது, கைகளிலும் பாதி உயிர்தான். அக்கா ஜெயலட்சுமி அவரைப் பார்த்துக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் உண்டு, அதில் தெரிவது எதிர்வீட்டுச் சுவர்.

தொலைநோக்கி எப்படி அவர் வாழ்க்கைக்குள் வந்தது என்பதை அவர் எனக்குச் சொன்னதில்லை. துபாயில் இருந்த தம்பி வாங்கிக் கொடுத்ததாக அக்கா சொன்னார். யாரோ விலகிப்போன வாடிக்கையாளருடைய பழைய கருவி. கட்டிலில் படுத்தபடி இரண்டு விரலால் உருண்டையைத் தள்ளும் ஒரு மவுஸை வைத்துக்கொண்டு அவர் அதை இயக்கினார்.

அவரை நல்லவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்களிடம் இருந்த வாடிக்கையாளர்களிலேயே அதிகமாக உயிரை வாங்கியவர் அவர்தான். காலையில் கூரை திறப்பதற்குள் போன் வந்துவிடும். "மேடம், மூலையில நட்சத்திரம் எல்லாம் முட்டை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. நேத்தே சொன்னேன், யாரும் பார்க்கலையா?" என்பார். தூசி என்பார், ஃபோகஸ் ஓடிவிட்டது என்பார். நூற்றுக்குத் தொண்ணூறு அவர் சொல்வது சரியாக இருக்கும். அது இன்னும் எரிச்சல். ஒருமுறை பொறுக்காமல், "தணிகாசலம் சார், மத்தவுங்களும் இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். "அவுங்களுக்கு வேற ஜோலி இருக்கும் மேடம், எனக்கு இது ஒண்ணுதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வது போலத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் எதிர்த்துப் பேசுவதை விட்டுவிட்டேன்.

அவர் எடுத்துக்கொண்டிருந்தது மெகல்லன் மேகம் என்கிற ஒன்றை. தெற்கு வானத்தில் ஒரு திட்டு மாதிரி தெரியும் பக்கத்து நட்சத்திரக் கூட்டம். ஒரே படத்தில் அடங்காத அளவுக்குப் பெரியது. தரையில் ஓடு பதிப்பது போல அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் பல இரவுகள் எடுத்து, சேர்த்துக்கொண்டே வந்தார். அவர் அறைக்குப் போனபோது எதிர்ச் சுவரில் அதை ஒட்டிவைத்திருந்ததைப் பார்த்தேன். சிவப்பும் நீலமுமாகப் புகை சுருண்டதுபோல் இருந்தது. கீழ் வரிசை மட்டும் இல்லை. அதற்கு இடம் விட்டு, வெறும் சுவரில் பென்சிலால் கட்டம் போட்டுவைத்திருந்தார்கள். அந்த அறைக்கு நான் போனது ஒரே ஒரு முறை. போன காரணம் நல்லதல்ல.

அன்றைக்கு ஐப்பசி மழை. கடலூரில் காலையிலிருந்தே விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அலுவலகத்துக்கு வரும் கேபிள் எங்கோ அறுந்து நெட் போய்விட்டது. காதர் சார் தன் மொபைலிலிருந்து இணைப்பு கொடுத்தார். கூரைக்குத் திற, மூடு என்று கட்டளை அனுப்ப அது போதும். ஆனால் கேமராப் படம் வரவில்லை. பழைய படம் ஒன்று அப்படியே உறைந்து நின்றது. வானிலை அளவுகள் மட்டும் எண்ணாக வந்துகொண்டிருந்தன. அந்தத் திரை என் முன்னால் இருந்தது.

முற்பகலில் மலைமேல் காற்று திடீரென்று ஏறியது. அங்கே காற்று என்றால் மணலோடு வரும். திறந்து கிடக்கும் கண்ணாடிகளில் மணல் பட்டால் அத்தனை தொலைநோக்கியும் நாசம். அலாரம் அடித்தது. இந்த மாதிரி நேரத்தில் ஒவ்வொரு தொலைநோக்கியின் கம்ப்யூட்டரும் அதைத் தானாகவே படுக்க வைத்துவிடும். படுத்துவிட்டதா என்று பார்க்க வேண்டியதுதான் எங்கள் வேலை. எங்களால் பார்க்க முடியவில்லை. சிதம்பரத்தில் கேமரா தெரிந்ததால் காதர் சார் அங்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் ஏறிக்கொண்டிருக்கும் காற்றின் அளவை வாசித்துக்கொண்டிருந்தேன். குமரன் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், சார் திருப்பிச் சொன்னார்.

"ஆறு படுத்துடுச்சு சார்."

"ஆறு படுத்துடுச்சு."

"ஏழு... ஏழு படுத்துடுச்சு சார்."

"ஏழு படுத்துடுச்சா?"

"படுத்துடுச்சு சார்."

அப்படியே கடைசிவரை போனது. காதர் சார் மூடினார்.

குமரன் சொன்னது ஏழாம் எண்ணின் கம்ப்யூட்டரை. அது நின்றுபோயிருந்தது. கம்ப்யூட்டர் நின்றாலும் தொலைநோக்கியைத் தாங்கும் இயந்திரம் நிற்காது, கடைசியாகச் சொன்ன நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஏழு நிமிர்ந்தபடி மேகத்தின் கீழ் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சார் அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பார், மின்சாரத்தை நிறுத்தித் திரும்பப் போடச் சொல்வார் என்று குமரன் எதிர்பார்த்திருக்கிறார். சார் உடனே எட்டைக் கேட்டதால், ஏழாவதை அப்புறம் பார்ப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவரும் எட்டுக்குப் போய்விட்டார். போனில் அவருடைய குரல் ஒரு தரம் உயர்ந்தது. "சார், மூடுறீங்களா? சார்!" அதற்குள் கூரை பாதித் தூரம் வந்திருந்தது. நிறுத்தச் சொல்லி அனுப்பிய கட்டளை அந்த இற்றுப்போன மொபைல் நெட்டில் போய்ச் சேரவில்லை.

மழை குறைந்து எங்களுக்கும் கேமராப் படம் வந்தபோது மூவருமே பார்த்தோம், சிதம்பரத்தில் ஒருவர், இங்கே இருவர். மற்ற எல்லாம் வரிசையாகப் படுத்திருந்தன. ஏழு மட்டும் மேடையோடு பிய்ந்து, தலைகுப்புறத் தரையில் கிடந்தது. கான்கிரீட் பிளந்திருந்தது. கண்ணாடித் தூள் எட்டாம் மேடைவரை சிதறிக் கிடந்தது. காதர் சார் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

போனில் சொல்லலாம் என்று நான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் இருவரும் பஸ் ஏறிச் சிதம்பரம் போனோம். வழியெல்லாம் வயலில் தண்ணீர் நின்றது. குமரன் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. தானும் வருகிறேன் என்றார். காதர் சார், "நீங்க வர வேணாம். ஆபீஸைப் பாருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வீடு. அக்கா நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். தணிகாசலத்துக்குச் செய்தி ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர் திரையிலும் அந்தக் கேமரா உண்டு.

சார் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மழை, நெட், காற்று, எண்கள், அந்தச் சொல். தணிகாசலம் அறையின் கூரையைப் பார்த்தபடியே கேட்டார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. கம்பெனி வேறு தொலைநோக்கியில் இலவசமாக நேரம் தரும், விட்டுப்போன வரிசையை முடித்துக்கொள்ளலாம் என்று நான் இடையில் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மூடுனது நீங்க. சொன்னது யாரு சார்?" என்று கேட்டார்.

"கேட்டது நான். தப்பாக் கேட்டதும் நான்தான்" என்றார் சார்.

"அதக் கேக்கல. சொன்னவன் பேரு வேணும்."

தணிகாசலத்தின் குரல் உயரவில்லை, ஆனால் மூச்சு வாங்கியது. தான் விழுந்த கதையை அப்போதுதான் சொன்னார். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் சுவிட்ச் அறைக்குப் போன் செய்து, லைன் ஆஃப் ஆச்சா என்று கேட்டிருக்கிறார். "ஆச்சு" என்று பதில் வந்திருக்கிறது. அந்த "ஆச்சு" இவருக்குச் சொன்னதில்லை. அறையில் வேறு யாரோ வேறு எதையோ கேட்டதற்கு, போனைக் காதில் வைத்தபடியே ஒருவன் சொன்ன பதில். இவர் ஏறிவிட்டார். அந்த ஒருவன் யாரென்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. தகவல் தொடர்பில் ஏற்பட்ட இடைவெளி என்று விசாரணையை முடித்துவிட்டார்கள்.

"இடைவெளிதான் என்னத் தள்ளி உட்டுதாம். ஒரு மனுஷன் பேரு இல்ல. திட்டணும்னாகூட ஆளு இல்ல எனக்கு" என்றார்.

சார் நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்துல் காதர். பரங்கிப்பேட்டை. திட்டணும்னா என்னத் திட்டுங்க. எந்த நேரம் போன் பண்ணாலும் எடுப்பேன்" என்றார். தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா கொடுத்த டீயைக் குடிக்க முடியாமல் எழுந்து வந்தோம். அந்தப் பென்சில் கட்டங்களைப் பார்க்காமல் வெளியே வர வேண்டும் என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன்.

கம்பெனிக்கு அனுப்பிய அறிக்கையில் சார் தன் பெயரை மட்டும் எழுதினார். குமரன் கடலூருக்கு ஓடிவந்து, "நான் சொன்னதையும் எழுதுங்க சார்" என்று கெஞ்சினார். "ஒரு தப்புக்கு ஒரு பேரு போதும்" என்று சார் மறுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ரெண்டு பேரும் பழிய ஏத்துக்கறதுக்குப் போட்டி போடுறீங்க. அந்த மனுஷனுக்கு என்ன வழின்னு யாராவது யோசிச்சீங்களா?" என்று கத்திவிட்டேன். அந்த அறையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் கத்தியதில்லை.

வெளிநாட்டிலிருந்த தலைமை வீடியோவில் வந்து மிக மரியாதையாகப் பேசி, காதர் சாரை அனுப்பிவிட்டது. அவர் நாற்காலியில் குமரன் வந்து உட்கார்ந்தார். அதைப் பதவி உயர்வு என்று சொல்லி அவருக்கு யாரும் கைகொடுக்கவில்லை. வந்த முதல் நாளே அந்தச் சொல்லைத் தடை செய்தார். தணிகாசலத்தின் கேமரா இணைப்பைத் துண்டிக்கச் சொல்லித் தலைமையிலிருந்து வந்தபோது, 'அது மட்டும் இருக்கட்டும்' என்று பதில் எழுதினார். ஏழாம் மேடையை யாரும் திரும்பக் கட்டவில்லை.

கொஞ்ச நாளில் அந்தச் செய்தி வர ஆரம்பித்தது. அங்கே விடியும் நேரம், நமக்குப் பிற்பகல். கூரையை மூடப்போகும் சமயம் எங்கள் உரையாடல் பெட்டியில் ஒரு வரி வந்து விழும். தணிகாசலத்திடமிருந்து.

'7 காலி. மூடலாம்.'

முதல் நாள் அதைப் படித்துவிட்டுக் குமரன் கழிவறைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். எங்களைத் தினமும் இப்படிக் கொல்ல வேண்டும் என்று ஒரு மனிதனுக்கு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது என்றும் நினைத்தேன். ஆனால் வருடங்கள் போனபோது அந்த வரியில் குத்தல் இருந்த மாதிரி தெரியவில்லை. ஒரு நாள் கேமராவின் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. 'தெரியவில்லை. பனி விலகியதும் மூடுங்கள்' என்று வந்தது. இன்னொரு நாள், 'எட்டு இன்னும் முழுதாகப் படுக்கவில்லை' என்று வந்தது. பார்த்தோம். கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. கிடையாகப் படுக்க வைத்துவிட்டு மூடினோம்.

பரங்கிப்பேட்டைக்குப் போய்க் காதர் சாரைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். தணிகாசலம் ஒரு முறைகூடத் தனக்குப் போன் செய்யவில்லை என்றார். அது அவருக்கு வருத்தமாக இருந்தது. "தினம் சொல்றாரே, நீங்க திருப்பிச் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் சுருங்கியது. மறுநாள் அந்த வரி வந்தபோது, 'ஏழு காலி. மூடுகிறோம்' என்று குமரன் முதல்முறையாகப் பதில் அனுப்பினார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

போன வருடம் ஒரு பிற்பகல். மலையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, காற்றில்லை, எல்லாத் தொலைநோக்கிகளும் படுத்துவிட்டன. கேமராவில் கிழக்குப் பக்கம் வெளுக்க ஆரம்பித்தது. அந்த வரி வரவில்லை. குமரன் மவுஸில் கை வைத்தபடி காத்திருந்தார். சூரியன் ஏறிக் கண்ணாடியில் நேராகப் பட்டால் உள்ளே தீப்பிடிக்கும், அதற்குள் மூடியாக வேண்டும். நான் ஞாபகப்படுத்தினேன். அவர் போனை எடுத்துத் தணிகாசலத்தின் எண்ணுக்குப் போட்டார். அக்காதான் எடுத்தார்.

காலையில் போய்விட்டாராம். கொஞ்ச நாளாகவே நெஞ்சில் சளி கட்டி, பேச்சு குறைந்திருந்ததாம். "சொல்லணும்னு நெனச்சேன் தம்பி, முடியல. நான் சொன்னாத்தான் அவுங்க மூடுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றார் அக்கா. குமரன் போனைக் கீழே வைத்தார். திரையில் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. கை மவுஸ்மேல் இருந்தது, ஆனால் மூட வரவில்லை.

நான் என் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேமராவைப் பார்த்தேன். "ஏழு காலி" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. நான் காத்திருந்தேன். திருப்பிச் சொல்லாமல் மூட முடியாது.

"ஏழு காலி" என்றார்.

மவுஸை வாங்கி நான்தான் மூடினேன். கூரை மெதுவாக நகர்ந்து வந்து ஆறைக் கடந்தது, ஏழைக் கடந்தது. தடுக்க அங்கே ஒன்றும் இல்லை.